இன்ஜினை மறுபடி இறக்காதீர்கள்: போர் வேலைக்குப் பின் மாருதி 800 காட்டும் சில்லறைத் தொல்லைகள்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 1997 மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. லேத்தில் போர் அடித்து (சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து), புது பிஸ்டன், ரிங், ஷெல் பேரிங் போட்டு, அண்ணன் தம்பி இருவரும் வீட்டு வாசலில் வைத்தே இன்ஜினை ஏற்றிவிட்டீர்கள். வண்டி ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) சோம்பலாகச் சுற்றுகிறது, ஸ்லோ (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஒருநேரம் ஏறுகிறது, ஒருநேரம் அணைகிறது. டெம்பரேச்சர் முள் முக்காலுக்குப் போகிறது. லேசாக நீலப் புகை, மேலே டிக் டிக் சத்தம், கீழே ஆயில் சொட்டு. "எதற்கும் இறக்கிப் பார்த்துவிடலாம்" என்று லேத்காரர் சொல்கிறார். என்ன செய்வது?

இறக்காதீர்கள். நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். பிளாக்குக்குள் பழுது என்று சொல்ல அதில் ஒரு வரிகூட இல்லை. ஏற்றிய முதல் வாரத்தில் வரும் தொல்லையில் பெரும்பகுதி உங்கள் கை கழற்றி மாட்டிய இடங்களில்தான் இருக்கும். ஒயர், ஹோஸ், பேக்கிங், கேபிள் இவற்றில் ஏதாவது ஒன்று. கழற்றாத இடம் கெட்டுப்போக இந்த ஒரு வாரத்தில் காரணமே இல்லை. இறக்கினால் இதே ஒயரையும் ஹோஸையும் இன்னொரு முறை கழற்றுவீர்கள், இன்னொரு முறை தப்பாக மாட்ட வாய்ப்பு வரும்.

பார்க்கும் வரிசை முக்கியம். முதலில் கரண்ட், அப்புறம் காற்று, அதன்பின் பெட்ரோல், பிறகு தண்ணீர். புகையும் சத்தமும் கடைசியில். நம்மில் பலர் முதலில் கார்புரேட்டர் ஸ்க்ரூவில் கை வைப்போம், ஸ்க்ரூ டிரைவர் கைக்கு எட்டுகிற இடம் அது ஒன்றுதான். அதைத் திருகிவிட்டால் மற்ற கோளாறெல்லாம் மறைந்து நிற்கும், பிறகு கண்டுபிடிப்பது பெரும்பாடு.

செல்ஃப் சோம்பலிலிருந்து தொடங்குவோம். போர் அடித்த இன்ஜின் புதிதில் கொஞ்சம் இறுக்கமாகத்தான் சுற்றும், அது இயல்பு. ஆனால் பேட்டரி நல்லது என்கிறீர்கள், ஆகவே எனக்கு எர்த் மேல்தான் சந்தேகம். இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் கரண்ட் போக, பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜின், கியர்பாக்ஸ் பக்கம் போகும் தடித்த எர்த் ஒயர்தான் வழி. இறக்கும்போது கழற்றிய அந்த ஒயரை ஏற்றும்போது மறந்துவிடுவது, அல்லது புதிதாகப் பெயிண்ட் அடித்த இடத்தின் மேலேயே வைத்து முடுக்கிவிடுவது, இரண்டும் எல்லாருக்கும் நடக்கிறது.

எனக்கும் நடந்தது. இருபது வருடத்துக்கு முன், இதே 800. சாவியைத் திருப்பினால் செல்ஃப் "உம்" என்றது, பத்து விநாடியில் உள்ளேயிருந்து ரப்பர் கருகும் வாசனை. கிளட்ச் கேபிளின் மேலுறை உருகிக்கொண்டிருந்தது! செல்ஃப் இழுக்கும் நூறு ஆம்பியருக்கு மேலான கரண்ட், வேறு வழியில்லாமல் கிளட்ச் கேபிள் கம்பி வழியாகப் பாடிக்குத் திரும்பியிருக்கிறது. எர்த் ஒயர் டூல்ஸ் டப்பாவில் பத்திரமாக இருந்தது. சிரித்துக்கொண்டே கேபிளை மாற்றினேன் என்று சொல்ல ஆசைதான், அன்று சிரிக்கவில்லை.

நீங்கள் கண்ணால் பார்த்தால் போதாது, அளந்து பாருங்கள். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கில் சுத்தமான உலோகத்திலும் வைக்கவும். தம்பியை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் சரி. அரை வோல்ட்டைத் தாண்டினால் ஒயர், அதன் கண்ணி, அது உட்காரும் இடம் மூன்றையும் எமரி தாளால் தேய்த்து மறுபடி முடுக்குங்கள். எர்த் சரியில்லாத வண்டியில் ஸ்பார்க்கும் பலவீனம், டெம்பரேச்சர் முள்ளும் பொய் சொல்லும், ஆயில் லைட்டும் பொய் சொல்லும். அதனால்தான் இதை முதலில் வைத்தேன். உங்கள் ஆறு புகாரில் இரண்டு மூன்று இங்கேயே தீர்ந்தாலும் ஆச்சரியமில்லை.

கரண்ட் பக்கம் இன்னொன்று, இக்னிஷன். இந்த மூன்று சிலிண்டர் இன்ஜினின் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-3-2. கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது மூன்று முறை ஃபயர், அதாவது 240 டிகிரிக்கு ஒன்று. ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் பாதி வேகத்தில் சுற்றுவதால் மூடியில் 120 டிகிரிக்கு ஒரு கம்பம். இரண்டு பிளக் ஒயர் மாறியிருந்தால் மூன்றில் ஒன்றுதான் சரியான நேரத்தில் எரியும். இருமும், வெடிக்கும், ஓடாது. உங்களுடையது ஓடுகிறது, ஆகவே ஒயர் வரிசை சரி. டிஸ்ட்ரிபியூட்டரை அரைச்சுற்று தப்பாக உட்காரவைத்திருந்தால், நான்கு சிலிண்டரில் இன்னொரு கம்பத்துக்கு நேராகப் போய் நிற்கும். இதில் ரோட்டர் இரண்டு கம்பத்துக்கும் நடுவில் நிற்கும், ஸ்டார்ட்டே ஆகாது. அந்தப் பயமும் வேண்டாம்.

மிச்சம் இருப்பது டைமிங்கை, அதாவது ஸ்பார்க் விழும் நேரத்தை, நுணுக்கமாக வைப்பது. பிளாட்டினம் பாயிண்ட் உள்ள டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் முதலில் பாயிண்ட் இடைவெளி, பிறகு டைமிங். மாற்றிச் செய்தால் வைத்த டைமிங் நகர்ந்துவிடும், ஏனென்றால் இடைவெளி மாறினால் பாயிண்ட் திறக்கும் நேரமும் மாறும். டைமிங் லைட் பட்டறையில் இரவல் கிடைத்தால் மேனுவலில் உள்ள டிகிரிக்கு வையுங்கள், அப்போது வேக்கம் ஹோஸைக் கழற்றி வாயை அடைக்க வேண்டுமா என்பதையும் அதிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். லைட் கிடைக்காவிட்டால் காதால் வைத்து, மேட்டில் மூன்றாம் கியரில் இழுத்துப் பாருங்கள். ஜல்லி குலுங்குவதுபோல் சத்தம் வந்தால் டைமிங் முன்னே போயிருக்கிறது, ஒரு மயிரிழை பின்னே தள்ளுங்கள்.

இனி ஸ்லோ. உங்கள் புகாரில் எனக்குப் பிடித்தது இதுதான், காரணம் ஏறக்குறைய முகவரியோடு வந்திருக்கிறது. சோக் இல்லாமல் ஸ்லோ தானாக ஏறுவதும் பிறகு தள்ளாடி அணைவதும், கார்புரேட்டருக்குக் கீழே எங்கோ திருட்டுக் காற்று புகுகிறது என்பதன் அடையாளம். இடங்கள் குறைவுதான். கார்புரேட்டர் அடியில் இருக்கும் தடித்த இன்சுலேட்டரும் அதன் இரண்டு பக்கப் பேக்கிங்கும், இன்டேக் மேனிஃபோல்டு ஹெட்டில் சேரும் பேக்கிங், டிஸ்ட்ரிபியூட்டர் அட்வான்ஸுக்குப் போகும் மெல்லிய ஹோஸ், பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் அதன் தடித்த ஹோஸ், ராக்கர் கவரிலிருந்து வரும் மூச்சுக்குழாய். இருபத்தைந்து வருட ரப்பர் ஹோஸ் கழற்றும்போது நுனியில் பிளந்துவிடும். மாட்டினால் மாட்டியதுபோல் தெரியும், பிளவு அடிப்பக்கம் ஒளிந்திருக்கும்.

கண்டுபிடிக்க, ஸ்லோவில் ஓடவிட்டு கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயை அந்த மூட்டுகளில் ஒவ்வொன்றாகத் துளித்துளியாக அடியுங்கள். எந்த இடத்தில் அடித்ததும் இன்ஜின் ஒலி மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை. அந்த ஸ்ப்ரே தீப்பற்றும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சூடாவதற்கு முன், குளிர்ந்த இன்ஜினில், பக்கத்தில் தீயணைப்பானை வைத்துக்கொண்டு செய்யுங்கள். பயமாக இருந்தால் சோப்புத் தண்ணீரும் உதவும், கொஞ்சம் மெதுவாகத்தான் காட்டும். வேக்கம் கேஜ் இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆரோக்கியமான இன்ஜின் ஸ்லோவில் 15 முதல் 20 அங்குலம் வரை காட்டும். மூன்று சிலிண்டர் என்பதால் முள் லேசாகத் துடிக்கும், அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

அந்த முள் துடிக்காமல், குறைவாகவே ஒரே இடத்தில் நின்றால் வேறு கதை: டைமிங் பெல்ட் ஒரு பல் தள்ளி விழுந்திருக்கலாம். ஒரு பல் என்றால் கிராங்க் கணக்கில் பதினைந்து டிகிரியை ஒட்டி வரும். வண்டி ஓடும், இழுவை மட்டும் இருக்காது, எந்த ஸ்க்ரூவைத் திருகினாலும் சரியாகாது. பெல்ட் கவரைக் கழற்றி, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, ஓடும் திசையில் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, கிராங்க் புல்லி மார்க், கேம் புல்லி மார்க் இரண்டும் தத்தம் இடத்துக்கு நேருக்கு நேர் வருகின்றனவா பாருங்கள். இரண்டு சுற்று ஏன் என்றால், டென்ஷனர் முடுக்கும்போது தளர்ந்த பக்கத்தில் ஒளிந்திருக்கும் தொய்வு அதற்குள் வெளியே வந்துவிடும். ஒரு சுற்றோடு நிறுத்தியவர்கள் அடுத்த ஞாயிறும் கவரைக் கழற்றியிருக்கிறார்கள்.

காற்றும் கரண்டும் சரியான பிறகும் ஒரு சிலிண்டர் மிஸ் அடித்தால், இன்சுலேட்டட் பிளையரால் பிளக் ஒயரை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எடுத்தாலும் ஒலி மாறாத சிலிண்டர்தான் செத்த சிலிண்டர். எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டியில் எடுத்த ஒயரை அந்தரத்தில் விடாமல் எர்த்தில் தொட்டுவையுங்கள், இல்லாவிட்டால் மாட்யூல் போய்விடும். அந்தப் பிளக்கையும் ஒயரையும் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோளாறும் கூடவே போனால் இருநூறு முந்நூறு ரூபாயோடு வேலை முடிந்தது. போகாவிட்டால் கம்ப்ரஷன் கேஜ். ரிங் படியாத இன்ஜினில் அளவு குறைவாகத்தான் வரும், எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். மூன்றுக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தை மட்டும் பாருங்கள்.

பெட்ரோல் பக்கம். இன்ஜின் வேலை எத்தனை மாதம் இழுத்தது என்று நீங்கள் எழுதவில்லை. கார்புரேட்டர் காய்ந்து கிடந்தால் மிதவைக் கிண்ணத்தில் பிசின்போல் படிந்து ஜெட்டை அடைக்கும், நீடில் ஒட்டிக்கொள்ளும். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். இந்த வண்டியை வடிவமைத்தவர்கள் அதை நினைத்திருக்க வாய்ப்பில்லை. பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயாஃப்ரமையும் அது மெல்ல அரிக்கும். டேங்க்கில் வருடக்கணக்காகப் படிந்த அழுக்கைக் கழுவிக் கொண்டுவந்து ஃபில்டரில் கொட்டும். ஆகவே பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள், ஃபில்டரையும் மாற்றுங்கள். எத்தனாலில் ஆக்சிஜன் கலந்திருப்பதால் மிக்சர் (பெட்ரோல்-காற்றுக் கலவை) மெலியும், பழைய செட்டிங்கில் ஸ்லோ சற்றுத் தள்ளாடலாம். இப்போதுதான், இத்தனைக்கும் பிறகுதான், மிக்சர் ஸ்க்ரூவைத் தொட அனுமதி. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, அரைச்சுற்று அரைச்சுற்றாக.

அடுத்து டெம்பரேச்சர். புதிதாக ஏற்றிய இன்ஜினில் முள் ஏறினால் பத்தில் எட்டு முறை ஏர் லாக். ஹெட்டின் மேல்மூலையிலும் ஹீட்டர் ஹோஸிலும் காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டு தண்ணீர் சுற்றாது. வண்டி முழுதாக ஆறியபின் மூக்கு மேடாக இருக்கும்படி சரிவில் நிறுத்துங்கள். ஹீட்டர் இருந்தால் நெம்புகோலைச் சூட்டுப் பக்கம் வையுங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டு, கூலன்ட் கலந்த தண்ணீரை மெதுவாக, குழந்தைக்குப் பால் புகட்டுவதுபோல் ஊற்றுங்கள். ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸைக் கையால் பிசைந்துவிட்டுக்கொண்டே இருங்கள். தெர்மோஸ்டாட் (சூடானதும் தண்ணீருக்கு வழிவிடும் வால்வ்) திறக்கும் நொடியில் ஹோஸ் சட்டென்று சூடாகும், மட்டம் மடமடவென்று இறங்கும். மறுபடி ஊற்றி மூடுங்கள். ஒருமுறை ஓட்டிவிட்டு, ஆறியபின் இன்னொரு முறை மட்டம் பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. மூடி பிடித்துவைக்கும் அழுத்தத்தில் தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்காது, 115க்கு மேல்தான் கொதிக்கும். திறந்த கணத்தில் அது பொங்கி ஆவியோடு முகத்துக்கு வரும்.

போர்வெல் தண்ணீர் ஊற்றாதீர்கள். குளியலறைக் குழாயில் வெள்ளை உப்பு படிவதைப் பார்த்திருப்பீர்கள், அதே உப்பு ஹெட்டின் மெல்லிய வழிகளில் படியும்.

"நம்ம ஊர் வெயிலுக்கு எதற்கு" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுகிற வழக்கம் நம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. வீசியிருந்தால் திரும்பப் போடுங்கள். இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வராமல் ஓடினால் பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவும். நீங்கள் காசு கொட்டிப் போட்ட ரிங்கைத் தின்பது அதுதான்.

ஃபேன் சுற்றுகிறதா? சுற்றாவிட்டால் தெர்மோ ஸ்விட்ச் கனெக்டரைக் கழற்றி இரண்டு முனையையும் ஒரு துண்டு ஒயரால் இணையுங்கள் (ஒற்றை ஒயர் என்றால் எர்த்தில் தொடுங்கள்). ஃபேன் ஓடினால் ஸ்விட்ச் போய்விட்டது. ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார். காற்றெல்லாம் வெளியேறிய பிறகும் ரேடியேட்டரில் குமிழி நிற்காமல், ஆக்ஸிலரேட்டர் கொடுக்கக் கொடுக்கக் கூடிக்கொண்டே போனால், அல்லது குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லுப்போல் விறைத்தால், அது ஹெட் பேக்கிங். ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான், அதற்கும் இன்ஜினை இறக்க வேண்டாம்.

நீலப் புகைக்கு வருகிறேன். முதல் அரை மணி நேரம் வரும் புகையில் பாதி நீங்கள் பிஸ்டனிலும் வால்விலும் தடவிய ஆயில், மீதி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் பட்ட உங்கள் கை எண்ணெய். அதற்குப் பிறகும் வருவது ரிங் இன்னும் படியாததால். ஹோனிங் போட்டபோது சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு விழுந்திருக்கும். ரிங் அந்தக் கோட்டின் முனைகளைத் தேய்த்துத் தனக்கு இடம் பண்ணிக்கொள்ள வேண்டும். அதற்கு ரிங்கைச் சுவரோடு அழுத்த ஆள் வேண்டும், அந்த ஆள் ரிங்குக்குப் பின்னால் புகும், சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் அழுத்தம். லோடு கொடுத்தால்தான் அந்த அழுத்தம் வரும். "ரன்னிங் இன்" என்று சொல்லி ராத்திரி முழுக்க ஸ்லோவில் ஓடவிடுகிறார்களே, அது ரிங்குக்குச் செய்யும் துரோகம். சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாகி, பிறகு ரிங் எப்போதுமே படியாது.

காலியான சாலையில் மூன்றாம் கியரில் 30இலிருந்து 50 வரை நன்றாக இழுங்கள், காலை எடுத்துவிட்டு வண்டி தானாக 30க்கு இறங்கட்டும். இப்படி இருபது முறை. சாதாரண 20டபிள்யூ-40 மினரல் ஆயில் போதும், சிந்தெடிக் இப்போது வேண்டாம். முதல் ஆயிலையும் ஃபில்டரையும் 500 கிலோமீட்டரில் மாற்றிவிடுங்கள். வடித்த ஆயிலை வெயிலில் வைத்துப் பார்த்தால் மினுமினுப்பு தெரியும். மாவுபோல் இருந்தால் சரி, நகத்தில் தட்டுப்படும் செதிலாக இருந்தால் எனக்கு எழுதுங்கள். 1000 கிலோமீட்டர் தாண்டியும் எப்போதும் நீலப் புகை என்றால் ரிங்கைச் சந்தேகிக்கலாம். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வந்தால் வால்வ் சீல், அது வேறு வேலை.

டிக் டிக் சத்தம் டேப்பெட் (வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவிலுள்ள இடைவெளி) ஆக இருக்கலாம், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பேக்கிங்கில் காற்று பீறிடுவதாகவும் இருக்கலாம், காதுக்கு இரண்டும் ஒன்றுபோல்தான். சைலன்சர் வாயைக் கனமான துணியால் ஒரு நொடி அழுத்திப் பிடியுங்கள். சத்தம் பெருத்தால் எக்ஸாஸ்ட். டேப்பெட் என்றால் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) போட்டு மேனுவலில் உள்ள அளவுக்கு வையுங்கள். மேனுவலில் குளிர்ந்த இன்ஜினுக்கு ஒரு அளவும் சூடான இன்ஜினுக்கு ஒரு அளவும் இருக்கும், கலந்துவிடாதீர்கள். சத்தமே கேட்கக் கூடாது என்று இறுக்கிவைக்காதீர்கள். டேப்பெட் லேசாகப் பேசினால் நல்லது, ஊமையாக இருந்தால் வால்வ் முழுதாக மூடாமல் எரிந்துகொண்டிருக்கும்.

ஆயில் சொட்டு கீழே விழும் இடத்துக்கும் புறப்பட்ட இடத்துக்கும் சம்பந்தம் இருக்காது. இன்ஜினை டீசல் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, முகப் பவுடரை மேலிருந்து கீழ்வரை தூவி பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். பவுடரில் கறுப்புக் கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் ஊற்று. ராக்கர் கவர் மூலை, டிஸ்ட்ரிபியூட்டர் ஓ-ரிங், ஆயில் பிரஷர் ஸ்விட்ச், ஃபில்டர் (பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டியிருக்க, அதன் மேல் புதியதை முடுக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள்), இந்த நான்கில் ஒன்றாக இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். சிலிக்கான் பேஸ்ட்டை அப்பி அடைக்காதீர்கள். உள்ளே பிதுங்கியது உதிர்ந்து, அடியிலுள்ள ஆயில் தொட்டியின் வடிகட்டியான சம்ப் ஜாலியில் போய் உட்காரும், பிறகு நிஜமாகவே இன்ஜினை இறக்கவேண்டி வரும்.

ஆயில் லைட் பற்றி நீங்கள் சொல்லவில்லை, ஆனாலும்: சூடான ஸ்லோவில் அது மினுக்கினால் ஸ்விட்சைக் கழற்றி அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டி அளந்த பிறகுதான் மேற்கொண்டு ஓட்ட வேண்டும். இது ஒன்றில்மட்டும் பொறுமை காட்டாதீர்கள்.

நீங்கள் கேட்காத இரண்டு. டிரைவ் ஷாஃப்டைக் கழற்றியபோது கியர் ஆயில் கொட்டியிருக்கும். திரும்ப ஊற்றினீர்களா? இன்றைக்கே பாருங்கள், இதற்கு லைட் கிடையாது, முள் கிடையாது, சத்தம் வரும்போது பேரிங் போயிருக்கும். இன்னொன்று, ஸ்டியரிங் நடுங்குகிறது என்றால் மவுண்டிங் போல்ட் எல்லாவற்றையும் அரைச்சுற்று தளர்த்தி, ஒரு நிமிடம் ஸ்லோவில் ஓடவிட்டு இன்ஜின் தானாக உட்கார்ந்தபின் நிறுத்தி முடுக்குங்கள். கொஞ்சம் நடுக்கம் மிஞ்சும், மூன்று சிலிண்டர் அப்படித்தான்.

ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை நோட்டில் எழுதுங்கள். அடுத்த மாதம் கல்யாணத்துக்கு இந்த வண்டியில் திருநெல்வேலி போகலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். 500 கிலோமீட்டர் ஓடி, ஆயில் மாற்றி, டேப்பெட்டை ஒருமுறை திரும்பப் பார்த்திருந்தால் தாராளமாகப் போகலாம். நாற்கரச் சாலையில் ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டாதீர்கள், ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர், அரை லிட்டர் ஆயில், ஒரு ஃபேன் பெல்ட் டிக்கியில் இருக்கட்டும். முதல் டீக்கடையில் நிறுத்தும்போது டீ சொல்லிவிட்டு, வண்டிக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள்.